டிகிரி மரத்துக்குத் தெரியாது: பட்டறைக் கேள்வி பதில்

போன இதழில் ரோட்டரி பற்றி, அதாவது கம்ப்யூட்டர் சொல்படி வெட்டும் சிஎன்சி மிஷினில் மரத்தைப் பிடித்துச் சுற்றவிடும் இணைப்பு பற்றி, ஒரே ஒரு பதில்தான் எழுதினேன். இந்த மாதம் வந்ததில் பாதிக்கு மேல் அதைப் பற்றிய கேள்விகளே. ஆகவே பாலிஷ், பசை, பிளைவுட் எல்லாம் அடுத்த இதழுக்கு. கேட்டிருப்பவர்கள் பெரும்பாலும் கட்டில் கால், படிக்கட்டுக் கால், தூண் ஓட்டுகிறவர்கள். காரைக்குடிப் பக்கம் நாங்கள் ஓட்டுவதும் அதுதான் என்பதால் எனக்கும் வசதி. புதியவர்களுக்கு: பிட் என்பது மரத்தை வெட்டும் கருவி, ஸ்பிண்டில் அதைச் சுற்றும் மோட்டார். மாக்3, லினக்ஸ்சிஎன்சி இரண்டும் மிஷினை நடத்தும் மென்பொருள். ஃபீட் என்பது வெட்டிக்கொண்டே நகரும் வேகம், அதை ப்ரோகிராமில் எஃப் போட்டு எழுதுவோம். எக்ஸ் மரத்தின் நீளவாட்டில், ஒய் குறுக்கே, இசட் மேலும் கீழும், ஏ என்பது மரம் சுற்றுவது.

*மாக்3 கன்ட்ரோலில் ரோட்டரி பூட்டியிருக்கிறேன். 120 மி.மீ. தூணை எஃப்3000 கொடுத்து ஓட்டினேன், கண்ணாடி மாதிரி வந்தது. அதே எஃப்3000-ல் 40 மி.மீ. படிக்கட்டுக் கால் ஓட்டினால் மரம் கருகுகிறது. இரண்டும் தேக்கு. ஸ்பிண்டில் 18,000. பிட்டையும் மாற்றிப் பார்த்துவிட்டேன். என்ன காரணம் சார்?*
– வாசகர், தென்காசி

பிட் மேல் குற்றமில்லை, மரத்தின் மேலும் இல்லை. எஃப்3000 என்பதை நீங்கள் நிமிடத்துக்கு 3,000 மி.மீ. என்று படிக்கிறீர்கள். உங்கள் மிஷின் அதை 3,000 டிகிரி என்று படிக்கிறது. எக்ஸ், இசட் இரண்டும் நின்றுகொண்டு ஏ ஆக்சிஸ் மட்டும் சுற்றும் வரிகளில் எஃப் என்பது டிகிரிக் கணக்குதான். 3,000 டிகிரி என்றால் நிமிடத்துக்கு எட்டுச் சுற்றும் கொஞ்சமும். தூணுக்கும் அதே எட்டுச் சுற்று, படிக்கட்டுக் காலுக்கும் அதே எட்டுச் சுற்று. ஆனால் தூணின் ஒரு சுற்றில் பிட் 377 மி.மீ. மரத்தைக் கடக்கிறது, காலின் ஒரு சுற்றில் 126 மி.மீ. தான்.

கணக்கு சுலபம். வேண்டிய மி.மீ. வேகத்தை 114.6-ஆல் பெருக்கி, விட்டத்தால் வகுத்தால் டிகிரி வேகம். திருப்பிப் போட்டால், உங்கள் தூணில் மரத்தின் மேல் ஓடிய வேகம் சுமார் 3,140 மி.மீ. காலில் சுமார் 1,050. இரண்டு பல் பிட் 18,000-ல் சுற்றும்போது நிமிடத்துக்கு 36,000 தடவை பல் மரத்தில் படுகிறது. தூணில் ஒவ்வொரு பல்லும் 0.087 மி.மீ. சீவுகிறது. காலில் 0.03-க்கும் குறைவு. அவ்வளவு மெல்லிசாகச் சீவச் சொன்னால் பல் சீவாது, தேய்க்கும். தேய்த்தால் சூடு, சூட்டில் கருகல், அப்புறம் பிட்டும் மழுங்கும். தேக்கில் மணல்சத்து இருப்பதால் இன்னும் சீக்கிரம் மழுங்கும்.

நம்பிக்கை வரவில்லை என்றால் கீழே விழுகிற தூளை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். தூண் ஓட்டும்போது சின்னச் சின்னச் செதிலாக, விரலில் தனித்தனியாகத் தட்டுப்படும். கால் ஓட்டும்போது முகப்பவுடர் போல இழையும், வெதுவெதுப்பாக இருக்கும், லேசாகப் புகை வாசம் அடிக்கும். ஃபீட் சரியா தப்பா என்று திரையைவிட அந்தத் தூள் முன்னாடியே சொல்லிவிடும்.

என்ன செய்யலாம்? மாக்3-ன் செட்டிங்ஸ் திரையில் சுழலும் பொருளின் தோராய விட்டத்தைக் கொடுக்க இடம் இருக்கிறது. மரத்தை மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்றுங்கள். பலர் பூஜ்ஜியத்திலேயே விட்டு வைத்திருப்பார்கள். இல்லையென்றால் 40 மி.மீ. காலுக்கு எஃப்-ஐ நேரடியாக 8600 என்று கொடுங்கள். நிமிடத்துக்கு 24 சுற்று வரும். உங்கள் ரோட்டரி அதைத் தாங்குகிறதா என்று முதலில் மரம் இல்லாமல் சுற்றவிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தலை 110, கழுத்து 35 என்று ஒரே காலில் பருமன் மாறினால் ஒரு எண் போதாது. அதற்குத்தான் ஜி93 என்ற ப்ரோகிராம் கட்டளை இருக்கிறது. அதில் எஃப் என்பது வேகம் இல்லை, இந்த வரியை எத்தனை நேரத்தில் முடிக்கணும் என்பதன் தலைகீழ். 40 மி.மீ. காலில் கால் சுற்று 31.4 மி.மீ. நிமிடத்துக்கு 3,000 வேண்டுமென்றால் எஃப்95.5. 120 மி.மீ. தூணின் கால் சுற்றுக்கு எஃப்31.8. ஒவ்வொரு வரிக்கும் தனி எஃப் வேண்டும், கையால் எழுதுகிற வேலை இல்லை. டிசைனை மிஷின் வரிகளாக மாற்றித் தரும் போஸ்ட் ப்ராசசர்தான் எழுதித் தரணும். மாக்3-யும் லினக்ஸ்சிஎன்சி-யும் ஜி93-ஐப் படிக்கும். டிஎஸ்பி என்ற கைக் கன்ட்ரோலர் வைத்திருப்பவர்கள், போஸ்ட்டை மாற்றும் முன்னால் விற்றவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு பொறி. சுருள் பாதையில் ஓட்டும்போது ஏ 360 டிகிரி சுற்றுவதற்குள் எக்ஸ் அரை மி.மீ. தான் நகரும். லினக்ஸ்சிஎன்சி-யில் எக்ஸ், ஒய், இசட் மூன்றில் ஏதாவது ஒன்று நகர்ந்தாலும், வழக்கமான நிமிட வேக முறையான ஜி94-ல் எஃப் அதன் நீளத்துக்குத்தான். அரை மி.மீ.-ஐ 3,000 வேகத்தில் கடக்கச் சொன்னால், அந்த நேரத்துக்குள் ஒரு முழுச் சுற்று, அதாவது நிமிடத்துக்கு 6,000 சுற்று என்று அர்த்தம். கன்ட்ரோலர் அப்படிச் சுற்றாது. ரோட்டரியின் உச்ச வேகத்துக்கு மேல் போகாது. அதனால் எஃப்-ஐ 3000 போட்டாலும் 2000 போட்டாலும் ஒரே வேகம்தான் வரும். "எஃப் மாற்றினால் ஒன்றும் ஆகலை" என்று கோவில்பட்டியிலிருந்து எழுதியவருக்கும் இதே பதில். அவரும் ஜி93-க்கு மாறட்டும்.

*நான் கடைசல் வேலைக்காரன். மகன் ரோட்டரி வாங்கலாம் என்கிறான். எங்கள் மிஷினில் மரம் ஆயிரத்தைந்நூறு சுற்றுச் சுற்றும். அவன் காட்டிய வீடியோவில் மரம் ஆடி அசைந்து சுற்றுகிறது. இதில் எப்போது வேலை முடியும்?*
– வாசகர், அம்பாசமுத்திரம்

ஐயா, நல்ல கேள்வி. கடைசலில் உளி நிற்கிறது, மரம் ஓடுகிறது. வெட்டுகிற வேகம் முழுக்க மரத்திடமிருந்து வருகிறது. ரோட்டரியில் வெட்டுகிற வேகம் பிட்டுடையது. மரம் சுற்றுவது அடுத்த துண்டை பிட்டுக்கு நீட்டுவதற்கு மட்டும். கணக்குப் போட்டால் வேடிக்கையாக இருக்கும். 75 மி.மீ. மரம் 1,500 சுற்றில் உங்கள் உளியை நிமிடத்துக்கு 353 மீட்டர் வேகத்தில் கடக்கிறது. 6 மி.மீ. பிட் 18,000 சுற்றில் மரத்தை 339 மீட்டர் வேகத்தில் வெட்டுகிறது. கிட்டத்தட்ட ஒரே வேகம். உருண்டை மூக்குள்ள பால்நோஸ் பிட்டின் நுனியில் மட்டும் இந்த வேகம் கிடைக்காது. நட்டநடு நுனி சுற்றுகிறதே தவிர நகர்வதில்லை.

வேலை எப்போது முடியும் என்றால், வெறும் உருண்டைக் காலுக்கு உங்களை ரோட்டரி ஜெயிக்கவே முடியாது. கைத்தேர்ச்சி உள்ளவர் சில நிமிடத்தில் கடைந்து தூக்கிப்போடும் காலை அது ஒரு மணி நேரத்துக்கு மேல் உருட்டிக்கொண்டிருக்கும். கொடி, முறுக்கு, நீளவாட்டுப் பள்ளம், இலை, அன்னம் என்று கடைசலில் வராதது வேண்டும்போதுதான் அதற்கு வேலை. உங்கள் ஊர் சொப்புச் சாமானுக்கு ஒரு விஷயம் கூடுதலாகச் சொல்லணும். அரக்குக் குச்சியை அழுத்தும்போது அது உருகுவது மரம் சுற்றுகிற வேகத்தில் வரும் உராய்வுச் சூட்டால். ரோட்டரியின் இருபது சுற்றில் அரக்கு கோடு கிழிக்கும், ஒட்டாது. ஆகவே மகன் வாங்கட்டும், ஆனால் கடைசல் மிஷினை விற்கவிடாதீர்கள்.

*பெல்ட் ரோட்டரியில் ஆட்டம் இருக்கிறதென்று 50-க்கு 1 ஹார்மோனிக் கியர்பாக்ஸ் போட்டேன். ஸ்டெப்பர் மோட்டார் பழையதே, முன்பு 6-க்கு 1. ஸ்டெப் கணக்கு சரி. பெரிய தூண் அருமையாக வருகிறது. 40 மி.மீ. கால் ஓட்டினால் பாதியில் டிசைன் ஒரு பக்கமாக நகர்ந்துவிடுகிறது. கியர்பாக்ஸ் டூப்ளிகேட்டா?*
– வாசகர், கோயம்புத்தூர்

கியர்பாக்ஸ் நல்லதுதான் தம்பி. 50-க்கு 1 என்றால் மோட்டார் 50 சுற்றினால்தான் மரம் ஒரு சுற்று. 40 மி.மீ. காலின் மேல் 3,000 மி.மீ. வேகம் வேண்டுமென்றால் மரம் நிமிடத்துக்கு 24 சுற்றுச் சுற்றணும். பழைய பெல்ட்டில் அதற்கு மோட்டார் 143 சுற்றினால் போதும். இப்போது கிட்டத்தட்ட 1,200 சுற்றணும். ஸ்டெப்பர் மெதுவாகச் சுற்றும்போது பலசாலி, வேகம் ஏற ஏற பலம் வடிந்துவிடும். பெரிய சைஸ் ஸ்டெப்பர்களை 600-க்கு மேல் நம்பி வேலை கொடுக்க மாட்டேன். ஒரு பல்ஸுக்கு ஒரு படி நகரவேண்டிய மோட்டார் பல்ஸை விட்டுவிடுகிறது, கன்ட்ரோலருக்கு அது தெரியாது. அதனால்தான் டிசைன் நகர்கிறது.

பெரிய தூண் ஏன் நன்றாக வருகிறது? 250 மி.மீ. தூணுக்கு அதே வேகம் வர நாலு சுற்றுக்கும் குறைவு. மோட்டாருக்கு 191. அங்கே ஹார்மோனிக் சொர்க்கம்தான். நுணுக்கமும் கூடும். மோட்டார் ஒரு சுற்றுக்கு 1,600 பல்ஸ் என்று வைத்தால், பழைய பெல்ட்டில் அந்தத் தூணின் மேல் ஒரு பல்ஸ் 0.08 மி.மீ. இப்போது 0.01.

உடனே செய்யவேண்டியது, ஏ ஆக்சிஸின் உச்ச வேகத்தை 4,300 டிகிரி என்று பூட்டுங்கள். அது 12 சுற்று. 40 மி.மீ. காலில் 1,500 மி.மீ. தான் கிடைக்கும். அப்படியே 18,000-ல் விட்டால் தென்காசிக்காரர் போலக் கருக்குவீர்கள். ஸ்பிண்டிலை 12,000-க்கு இறக்கி, ஒரு பல் பிட் போடுங்கள். பல்லுக்கு 0.125 மி.மீ. வரும், மரம் சந்தோஷமாகச் சீவும். ஃபேன் வைத்த ஏர்கூல் ஸ்பிண்டில் என்றால் அதற்கும் கீழே ரொம்ப இறக்காதீர்கள். ஃபேன் அதே தண்டில் சுற்றுவதால் காற்று குறைந்து ஸ்பிண்டில் சூடாகும். தினமும் மெல்லிய கால்தான் பிழைப்பு என்றால் சர்வோ மோட்டார் போடுங்கள். 3,000 சுற்று சர்வோ 50-க்கு 1-ல் 60 சுற்றுத் தரும். காசு இல்லையென்றால் பழைய பெல்ட்டை ஒரு ஆணியில் மாட்டி வையுங்கள், மெல்லிய கால் ஆர்டர் வரும்போது மாற்றிக்கொள்ளலாம்.

*75 மி.மீ. சதுர வாகைக் கட்டையை நேரே ரோட்டரியில் கட்டி ரஃபிங் (முதல் முரட்டு வெட்டு) ஓட்டுகிறோம். ஒரு பாஸுக்கு 5 மி.மீ. ஆழம்தான். ஆனாலும் பிட் ஒடிகிறது. ஃபீடைப் பாதியாக்கியும் பயனில்லை.*
– வாசகர், அரும்பாவூர்

மென்பொருளில் கட்டையை 75 மி.மீ. விட்டமுள்ள உருளை என்று கொடுத்திருப்பீர்கள். நடுவிலிருந்து பக்கத்துக்கு 37.5. ஆனால் மூலைக்கு 53. பிட் 5 மி.மீ. ஆழம் போவதாக நினைத்துக்கொண்டு முதல் சுற்றிலேயே மூலையில் 20 மி.மீ. ஆழத்தில் மோதுகிறது. சுற்றுக்கு நாலு மோதல். ஃபீடைக் குறைத்தால் ஒடிவது கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

கட்டையை 106 மி.மீ. விட்டம் என்று கொடுத்து ஓட்டலாம், ஆனால் பாதி நேரம் காற்றில்தான் வெட்டும். டேபிள் சா பிளேடை 45 டிகிரி சாய்த்து நாலு மூலையையும் அறுத்து எட்டுப் பட்டையாக்குவதுதான் என் வழி. அப்போது மூலை பக்கத்தைவிட 3 மி.மீ. தான் துருத்தும். ஒரு கட்டைக்கு இரண்டு நிமிட வேலை. இசட் பாதுகாப்பு உயரத்தையும் பாருங்கள். நடுவிலிருந்து 60-ஆவது இருக்கட்டும். சதுரக் கட்டை சுற்றும்போது மூலை மேலே வரும் என்பதை மறந்துபோய் ஸ்பிண்டில் நட்டையே இடித்தவர்களை எனக்குத் தெரியும். வாகைத் தூள் தும்மலை இழுத்துவிடும், மூக்கைக் கட்டிக்கொண்டு வேலை செய்யுங்கள்.

*75 மி.மீ. பருமன், 700 மி.மீ. நீளக் காலில் கொடி வேலை. 6 மி.மீ. பால்நோஸ், ஸ்டெப்ஓவர் (அடுத்தடுத்த கோட்டுக்கு இடைவெளி) 0.5, ஃபீட் 3,000. கம்ப்யூட்டர் 1 மணி 50 நிமிடம் என்கிறது. மிஷின் மூன்று மணிக்கு மேல் எடுக்கிறது. ஃபீட் 6,000 வைத்தும் குறையவில்லை. மணிக்கணக்கில் ரேட் பேசியிருக்கிறேன், கைக்காசு போகிறது.*
– வாசகர், விருதுநகர்

கம்ப்யூட்டர் பொய் சொல்லவில்லை. 700-ஐ 0.5-ஆல் வகுத்தால் 1,400 சுற்று. சுற்றுக்கு 235.6 மி.மீ. மொத்தம் 330 மீட்டர். 3,000-ல் ஓடினால் 110 நிமிடம். ஆனால் உங்கள் மிஷின் 3,000-ல் ஓடவே இல்லை.

கொடி வேலை என்றால் இசட் ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருக்கும். நின்ற இடத்திலிருந்து வேகம் பிடித்து மறுபடி நிற்பதற்குள் 5 மி.மீ. தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முடுக்கம், அதாவது ஒவ்வொரு நொடியும் வேகம் கூடும் அளவு, நொடிக்கு 500 மி.மீ. என்று போட்டிருந்தால், அந்த 5 மி.மீ.-க்குள் இசட் எட்டிப்பிடிக்கிற உச்சமே நிமிடத்துக்கு 3,000 தான், சராசரி 1,500. அரை மி.மீ. அசைவென்றால் உச்சம் 950-ஐத் தாண்டாது. இசட் தாமதித்தால் மற்ற ஆக்சிஸும் அதோடு தாமதிக்கும். எஃப்-ல் 6,000 எழுதினாலும் 10,000 எழுதினாலும் எண் பெரிதாகுமே தவிர வேறெதுவும் நடக்காது.

கனமான வாட்டர்கூல் ஸ்பிண்டிலைத் தூக்கும் இசட்டுக்கு முடுக்கத்தைக் கண்டபடி ஏற்றாதீர்கள், மோட்டார் படி தவறும். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, வெறும் காற்றில் பத்து நிமிடம் ஓட்டி, பழைய ஜீரோவுக்குத் திரும்பி வருகிறதா என்று பாருங்கள்.

அதைவிட ஸ்டெப்ஓவரைக் கேள்வி கேளுங்கள். 6 மி.மீ. பால்நோஸில் 0.5 வைத்தால் இரண்டு கோட்டுக்கு நடுவே நிற்கும் மேடு 0.01 மி.மீ. 0.8 வைத்தால் 0.027. எப்படியும் 120, 180 உப்புத்தாள் போடத்தானே போகிறீர்கள்? 0.8-ல் 1,400 சுற்று 875 ஆகும். 0.3 வைத்து விடிய விடிய ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். அந்த வித்தியாசம் வார்னிஷுக்கு அடியில் யாருக்கும் தெரியாது. முகம், விரல், இதழ் நுனி இருக்கிற பகுதியை மட்டும் தனியாகப் பிரித்து, சின்ன டேப்பர் பிட்டில் நெருக்கமாக ஓட்டுங்கள்.

சுற்றிச் சுற்றி ஓட்டுவதற்குப் பதில் நீளவாட்டில் போய்வந்து ஓட்டியும் பாருங்கள். மொத்த நீளம் அதே 330 மீட்டர்தான். ஆனால் கொடி தண்டோடு நீளமாக ஓடும் டிசைனில் இசட் ஏற்ற இறக்கம் குறையும், ரோட்டரிக்கும் ஒரு கோட்டுக்கு அரை மி.மீ. நகர்வதோடு வேலை முடியும். ரோட்டரி பலவீனமாக இருப்பவர்களுக்கு இது நல்லது. இழை எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும் இடத்தில் திரும்பி வரும் பாஸ் சிராய் தூக்கும். வேம்பு மாதிரி பின்னிய இழை உள்ள மரத்தில் சுற்று முறையே மேல். ரேட்டை மணிக்குப் பேசாதீர்கள். ஒரு கால் ஓட்டிப் பார்த்து, காலுக்கு இவ்வளவு என்று பேசுங்கள்.

*இசட் ஜீரோவை (உயரம் அளக்கத் தொடங்கும் புள்ளியை) மரத்தின் மேல் எடுப்பதா, நடுவில் எடுப்பதா?*
– வாசகர், நாகர்கோவில்

நடுவில். மரம் நூலுக்கு நூல் பருமன் மாறும், மரத்தைப் பிடிக்கும் சக்கின் மையம் மாறாது. விட்டம் தெரிந்த ஒரு உருண்டைக் கம்பியைச் சக்கில் பிடித்து, அதன் தலையைத் தொட்டு, பாதி விட்டத்தைக் கழியுங்கள். ஒய்-யும் அதே மையத்துக்கு மேல் நிற்கவேண்டும். போஸ்ட்டும் மையத்தை ஜீரோவாக நினைக்கிறதா என்று மென்பொருளில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் பிட் சக்குக்குள் இறங்கிவிடும்.

*900 மி.மீ. நீளம், 30 மி.மீ. பருமனில் மெல்லிய கால்கள். இரண்டு முனையும் சுத்தமாக வருகின்றன, நடுவில் மட்டும் அலை அலையாக வருகிறது. ஃபீட் எவ்வளவு வைக்கலாம்?*
– வாசகர், தஞ்சாவூர்

ஃபீடை மட்டும் மாற்றித் தீராது. நடுவில் மரம் வளைகிறது. நீளம் இரட்டித்தால் வளைவு எட்டு மடங்கு, பருமன் பாதியானால் பதினாறு மடங்கு. மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கை இன்னும் இறுக்கினால் சரியாகும் என்று திருகாதீர்கள். இறுக்கினால் வில்லாக வளையும், இன்னும் மோசம். மரம் ஆடாமல் நிற்கிற அளவுக்கு இருந்தால் போதும்.

நடுவில் ஒரு தாங்கி வையுங்கள். இரண்டு பேரிங்கை வி மாதிரி ஒரு கட்டையில் திருகி, கீழிருந்து தொடும்படி மேசையில் பூட்டினால் போதும். ஆனால் அது நிற்கும் இடம் முதலில் உருண்டையாக இருக்கணும். ஆகவே நடுவில் ஒரு விரற்கடை அகலத்தை மட்டும் முதலில் உருட்டி எடுத்து, தாங்கியைப் பொருத்தி, பிறகு இரண்டு பக்கமும் தனித்தனி ஃபைலாக ஓட்டுங்கள். ரஃபிங்கில் ஒன்றரை மி.மீ. விட்டு வையுங்கள். ஃபினிஷிங்குக்குக் கூரான புது பிட், 6-க்குப் பதில் 4 மி.மீ. போட்டால் மரத்தைத் தள்ளும் விசை குறையும். சுற்று வேகம் உங்கள் ரோட்டரி தருகிற அளவு. ஃபீட் 2,500 வேண்டுமென்றால் 30 மி.மீ. காலுக்கு நிமிடத்துக்கு 26 சுற்றும் கொஞ்சமும். அதைத் தராவிட்டால் ஸ்பிண்டில் வேகத்தைக் குறையுங்கள். தாங்கி நின்ற அந்த விரற்கடை இடத்தில் ஒரு வளையமோ மணியோ டிசைனில் சேர்த்துவிட்டால், கடைசியில் தாங்கியை எடுத்துவிட்டு அதை மட்டும் மெதுவாக ஓட்டி முடிக்கலாம்.